நடுவுக்கு வரும் முள்

சென்ற வாரம் சோழவரம் ஓடுபாதையில் நிறுத்தியிருந்தோம். அங்கே ரேஸில் பறந்த கார்களின் டேஷ்போர்டைப் பார்க்கும் முன், ஒரகடம் வழியாக ஒரு புல்லட்டைப் பார்த்துவிட்டுப் போவோம்.

2013-ல் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலை ஓட ஆரம்பித்தது. அதுவரை புல்லட்டுக்கு ஊர் திருவொற்றியூர். அந்தப் பழைய வண்டியின் ஹெட்லைட் மண்டைமேல், ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கும். நடுவில் சைபர், ஒரு பக்கம் மைனஸ், மறுபக்கம் பிளஸ். பேட்டரியில் சார்ஜ் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சொல்ல வைத்தது. ஐடிலிங்கில் ஹெட்லைட்டைப் போட்டால் முள் மைனஸில் சாயும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் திரும்பி வரும். ஓடும்போதும் வரவில்லை என்றால், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருவது நல்லது.

ஆனால் அதன் பெரிய உபகாரம் வேறு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால், மைனஸில் நிற்கும் முள் ஓர் இடத்தில் சட்டென்று சைபருக்குத் தாவும். இக்னிஷன் பாயிண்ட் திறந்து, காயிலுக்குப் போகும் மின்சாரம் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதாவது பிஸ்டன் கம்ப்ரஷனில் ஏறி உச்சியை நெருங்கிவிட்டது. கம்ப்ரஷனை வெளியே விடும் டீகம்ப்ரஷரைப் பிடித்து உச்சியைக் கொஞ்சம் தாண்டவிட்டு, பிடியை விட்டு, ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் உதைத்தவர்களின் கணுக்காலைக் கிக்கர் பதம் பார்த்தது. பாயிண்ட் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்ததும் அந்த முள்ளுக்கு இந்த வேலை இல்லாமல் போயிற்று.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் விசித்திரமான மீட்டர்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். எங்கே மீட்டர் இருக்கிறதோ, அங்கே அந்த இன்ஜினுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. பழைய போர்ஷே 911-ல் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டவே தனியாக ஒரு மீட்டர் உண்டு. அதில் ஆயில் இன்ஜினின் அடியில் தேங்காமல், தனி டாங்கில் இருக்கும். இன்ஜின் சூடாகி, சமதரையில் ஐடிலிங்கில் நிற்கும்போது மட்டுமே அந்த முள்ளை நம்பலாம். ஓட்டத்தில் அது அடிமட்டத்துக்குச் சரியும். புதிதாக வாங்கியவர் பதறிப்போவார்.

ரேஸ் கார்களில் இன்னொன்று: சாட்சி முள். ஸ்மித்ஸ் கம்பெனியின் ஆர்.பி.எம். மீட்டரில் இரண்டாவதாக ஒரு முள் இருக்கும். இன்ஜின் தொட்ட அதிகபட்சச் சுற்று எதுவோ, அங்கேயே அது நின்றுவிடும். டிரைவர் வந்து இறங்கி, "நான் எல்லை தாண்டவே இல்லை" என்று சத்தியம் செய்தாலும் மெக்கானிக் அந்த முள்ளைத்தான் கேட்பார். இன்னொரு வழக்கம், மீட்டர்களைத் திருகி மாட்டுவது. எல்லாம் சரியாக இருக்கும்போது முட்கள் எல்லாமே நேர்மேலே நிற்கும்படி வைத்துவிடுவார்கள். எண்ணைப் படிக்க நேரம் இல்லாதவருக்கு, எது சாய்ந்திருக்கிறது என்பது ஓரக்கண்ணிலேயே தெரியும்.

சோழவரத்திலிருந்து ரேஸ் 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அங்கே 3.7 கிலோமீட்டர் டிராக். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கினால், பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த நொடியில் ஆயில் பிரஷர் முள் ஒரு துள்ளு துள்ளி இறங்கும். அனுபவசாலி அதைப் பார்த்ததும் காலை எடுப்பார். ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. வேண்டும் என்பது ரேஸ் மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. அப்படியானால் 6,000 சுற்றில் 60. சாதாரணக் காரில் இருக்கும் சிவப்பு விளக்கோ, பெரும்பாலும் 5, 7 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால்தான் எரியும். அந்த 6,000 சுற்றில் 20-லேயே பேரிங் தேய ஆரம்பித்திருக்கும். விளக்கு வாய் திறக்காது. முள் முன்கூட்டியே சொல்கிறது, விளக்கு முடிந்த பிறகு சொல்கிறது.

இன்று அந்த டிராக்கை ஒட்டிய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் வரிசையாகக் கார் ஆலைகள். வெளியே வரும் வண்டிகள் பழையவற்றைவிட எவ்வளவோ நம்பகமானவை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்றைய பல கார்களில் வெப்பமானி முள்ளே கிடையாது. இருக்கும் சிலவற்றிலும் முள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இருபது முப்பது டிகிரி ஏறி இறங்கினாலும் அசையாதபடி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் பயந்து சர்வீஸ் சென்டருக்கு ஓடிவரக் கூடாதாம். கூலன்டின் வெப்பம் காரின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஸ்கேனரைச் செருகினால் மெக்கானிக்குக்கும் தெரியும். சித்திரை வெயிலில் நெரிசலில் ஏ.சி.யோடு நிற்கிற, தவணை கட்டுகிற மனுஷருக்கு மட்டும் தெரியாது. பத்து அங்குலத் திரையில் பாட்டுக்கும் படத்துக்கும் இடம் இருக்கிறது. அதன் ஒரு மூலையில் அந்த எண்ணைக் காட்ட ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது. கேட்டு வாங்க வேண்டியது நம் உரிமை என்றே நினைக்கிறேன்.

இந்த மீட்டர்களையெல்லாம் நம் ஊரிலேயே செய்ய ஆரம்பித்த கோவை பிரிக்கால் கம்பெனியின் கதை அடுத்த வாரம்.