பல்கலைக்கழகம் மென்பொருள் வாங்கும்போது எதை வாங்குகிறது?

(தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் – மென்பொருள் அனுமதிப்பத்திரங்கள் அலகுக்கான விளக்கக் கட்டுரை)



மென்பொருள் அனுமதிப்பத்திரம் பற்றி வினா வந்தால் உங்களில் பலர் எழுதும் விடை இதுதான்: "தனியுரிமை மென்பொருளுக்குப் பணம் கொடுக்க வேண்டும். திறந்த மூல மென்பொருள் இலவசம்." இது அரைகுறை விடை. திறந்த மூல மென்பொருளையும் விலைக்கு விற்கலாம். மறுபுறம், விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் முழுமையாக நமக்குச் சொந்தமாகிவிடுவதில்லை.

கடையில் ஒரு கதிரை வாங்கினால் அதன் காலை வெட்டலாம், நிறம் பூசலாம், அயல்வீட்டுக்குக் கொடுக்கலாம். மென்பொருள் அப்படியல்ல. நாம் வாங்குவது பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே. அந்த அனுமதி எதுவரை செல்லும் என்பதை எழுதிய ஆவணமே அனுமதிப்பத்திரம். இவ்வேறுபாடு ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வையே எவ்வாறு தீர்மானித்தது என்பதை உண்மைச் சம்பவம் ஒன்றின் மூலம் நோக்குவோம்.

1. ஆய்வுத் துறைகளும் அவற்றின் தேவைகளும்

ஓர் அலுவலகம் மென்பொருள் வாங்கும்போது "வேலை முடியுமா?" என்று மட்டும் பார்க்கும். கணினி ஆய்வாளரோ "இதைத் திறந்து பார்க்கலாமா? மாற்றலாமா?" என்றும் கேட்பார். துறைக்குத் துறை தேவை வேறுபடும்.

• பணிசெயல் முறைமை ஆய்வு: நினைவகம், வட்டு, செய்நிரல்கள் ஆகியவற்றை முகாமை செய்யும் மென்பொருளை ஆராய்வது. மூலக் குறிமுறை, அதாவது செய்நிரலாளர் எழுதிய வடிவிலுள்ள செய்நிரல், கையில் இல்லாவிட்டால் இவ்வாய்வு மிகக் கடினமாகும்.

• தரவுத்தள ஆய்வு: பெருந்தொகைத் தரவுகளை ஒழுங்காகச் சேமித்து, வேண்டியவற்றை விரைவாகப் பெறும் வழிகளை ஆராய்வது. எழுதியதை உடனே இயக்கிப் பார்க்கக்கூடிய கணினி இதற்கு வேண்டும்.

• வலையமைப்பு ஆய்வு: கணினிகள் ஒன்றோடொன்று தரவுகளைப் பரிமாறும் விதிகளை ஆராய்வது. புதிய விதிகளைப் பணிசெயல் முறைமைக்குள் சேர்க்க வேண்டியிருப்பதால் அதை மாற்றும் உரிமை தேவை.

• கணிதம், புள்ளிவிபரவியல்: இத்துறையினர்க்குக் கணினி ஒரு கருவி. கணிப்பு பிழையின்றி நடந்தால் போதும்.

2. ஒரு கணினி, மூன்று துறைகள்

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தாம் உருவாக்கிய யுனிக்ஸ் எனும் பணிசெயல் முறைமை பற்றி 1973 இல் ஒரு மாநாட்டில் கட்டுரை சமர்ப்பித்தனர். அங்கு வந்திருந்த பேர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பொப் ஃபேப்றி தமது துறைக்கும் அதைப் பெற விரும்பினார். யுனிக்ஸ் இயங்குவதற்கு ஏற்ற கணினி அத்துறையிடம் இருக்கவில்லை. எனவே கணினி விஞ்ஞானம், கணிதம், புள்ளிவிபரவியல் ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து பீ.டி.பி. 11/45 எனும் கணினியை வாங்கின. 1974 ஜனவரியில் யுனிக்ஸ் பதிவான நாடா வந்து சேர்ந்தது.

சிக்கல் இங்குதான் தோன்றியது. கணிதத் துறையும் புள்ளிவிபரவியல் துறையும் ஆர்.எஸ்.ரி.எஸ். எனும் வேறொரு பணிசெயல் முறைமையை விரும்பின. கணினியோ ஒன்று. முடிவில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் யுனிக்ஸ், 16 மணித்தியாலம் ஆர்.எஸ்.ரி.எஸ். என உடன்பாடு ஏற்பட்டது. பாரபட்சம் கூடாதென்று நேரமும் சுழற்சி முறையில் மாற்றப்பட்டது. யுனிக்ஸ் ஒரு நாள் காலை 8 முதல் மாலை 4 வரை, மறுநாள் மாலை 4 முதல் நள்ளிரவு வரை, மூன்றாம் நாள் நள்ளிரவு முதல் காலை 8 வரை இயங்கியது. அப்படியிருந்தும் மாணவர்கள் தமது செயற்றிட்டங்களை யுனிக்ஸிலேயே செய்ய விரும்பினர்.

தரவுத்தள ஆய்வாளர்களான மைக்கேல் ஸ்ரோன்பிறேக்கர், இயூஜின் வொங் ஆகியோரின் இங்கிறெஸ் திட்டமும் யுனிக்ஸுக்கு மாறியது. நேரப் பற்றாக்குறையைச் சமாளிக்க 1974 இலேயே அத்திட்டத்துக்கெனத் தனிக் கணினியொன்று வாங்கப்பட்டது. ஒரு துறையின் ஆய்வு எத்தகையது என்பதே அது வாங்க வேண்டிய மென்பொருளையும் வன்பொருளையும் தீர்மானிக்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

3. குறைந்த கட்டணமும் மூலக் குறிமுறையும்

பெல் ஆய்வுகூடம் அக்காலத்தில் ஏ.ரி. அன்ட் ரி. எனும் தொலைபேசிக் கம்பனிக்கு உரியதாயிருந்தது. 1956 இல் அமெரிக்க அரசாங்கத்துடன் ஏற்பட்ட வழக்குத் தீர்வின்படி, தொலைத்தொடர்பு தவிர்ந்த வேறு வியாபாரத்தில் அக்கம்பனி ஈடுபட முடியாதிருந்தது. ஆகவே யுனிக்ஸைச் சந்தைப் பொருளாக விற்காமல், பல்கலைக்கழகங்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் மூலக் குறிமுறையுடன் வழங்கியது. ஆனால் இரு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பராமரிப்புச் சேவை எதுவும் வழங்கப்படவில்லை. பழுதுகளைப் பல்கலைக்கழகங்களே திருத்தித் தமக்குள் பரிமாறிக்கொண்டன. மூலக் குறிமுறை இருந்தமையாலேயே இது இயலுமாயிற்று.

இரண்டாவது, யுனிக்ஸ் குறிமுறையின் உரிமை கம்பனியிடமே இருந்தது. அது அடங்கிய எதையும், அதே அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கு மட்டுமே கொடுக்கலாம்.

4. மாற்றும் உரிமையின் பலன்

1975 இல் பேர்க்லிக்கு வந்த பட்டப்பின்படிப்பு மாணவர் பில் ஜோய். அவரும் சக மாணவரும் பஸ்கல் மொழிக்கான மென்பொருளை மேம்படுத்தினர். எழுத்துகளைத் திருத்தும் மென்பொருள் ஒன்றையும் உருவாக்கினர். இவற்றைத் தொகுத்து 1978 இல் "பேர்க்லி மென்பொருள் விநியோகம்" எனும் பெயரில் ஜோய் வெளியிட்டார். ஆங்கில முதலெழுத்துகளால் இது பீ.எஸ்.டீ. எனப்படும். முதற் பதிப்பில் ஏறத்தாழ 30 பிரதிகளே வெளியே சென்றன.

பின்னர் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு நிறுவனமான டார்ப்பா நிதி வழங்கியது. 1983 இல் வெளியான 4.2 பீ.எஸ்.டீ. பதிப்பில், இன்றைய இணையத்தின் அடிப்படையான ரீ.சீ.பி., ஐ.பி. நெறிமுறைகள் சேர்க்கப்பட்டிருந்தன. பணிசெயல் முறைமை, தரவுத்தளம், வலையமைப்பு ஆகிய மூன்று துறைகளும் ஒரே அனுமதிப்பத்திரத்தின் பயனால் வளர்ந்தன எனலாம்.

5. "எது எங்களுடையது?"

1984 இல் ஏ.ரி. அன்ட் ரி. பிரிக்கப்பட்டதும் பழைய கட்டுப்பாடு நீங்கியது. யுனிக்ஸ் வியாபாரப் பொருளாயிற்று; அனுமதிப்பத்திரக் கட்டணமும் உயர்ந்தது. பேர்க்லி எழுதிய பகுதிகளை மட்டும் பெற விரும்பியவரும் அக்கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது.

எனவே 1989 இல் பேர்க்லி தான் எழுதிய வலையமைப்புப் பகுதிகளைப் பிரித்தெடுத்துத் தனியாக வெளியிட்டது. நாடாவின் விலை 1000 டொலர். ஆயினும் வாங்கியவர் அதை மாற்றலாம், பிரதி செய்யலாம், மற்றவர்க்கு இலவசமாகவும் கொடுக்கலாம். திறந்த மூலம் என்பது விலையைப் பற்றியதல்ல, உரிமையைப் பற்றியது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

1991 இல் மேலும் பெரியதொரு வெளியீடு வந்தது. யுனிக்ஸின் உரிமையைக் கொண்டிருந்த கம்பனி 1992 இல் வழக்குத் தொடுத்தது. பல்கலைக்கழகமும் அதில் பிரதிவாதியாக்கப்பட்டது. கம்பனியும் தனது வெளியீட்டில் பேர்க்லியின் குறிமுறையை உரிய குறிப்பின்றிச் சேர்த்துள்ளது எனப் பல்கலைக்கழகம் எதிர்வழக்கிட்டது. 1994 ஜனவரியில் இணக்கம் ஏற்பட்டது. சுமார் 18,000 கோப்புகளில் நீக்கப்பட்டவை 3 மட்டுமே. இன்னும் சிலவற்றில் சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன. ஆனால் அதற்குள் இரண்டாண்டு காலம், இம்மென்பொருளைப் பயன்படுத்தலாமா என்ற ஐயம் நிலவியது. அனுமதிப்பத்திரத்தில் தெளிவின்மை இருந்தால் இருபது ஆண்டு உழைப்பும் கேள்விக்குள்ளாகலாம்.

6. வாங்கு முன் கேட்க வேண்டிய ஐந்து வினாக்கள்

1. எத்தனை கணினிகளில், எத்தனை பேர் பயன்படுத்தலாம்?
2. அனுமதி நிரந்தரமானதா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதா?
3. மூலக் குறிமுறை கிடைக்குமா? மாற்றலாமா?
4. மாற்றியதை மற்றவர்க்கு வழங்கலாமா?
5. பழுது ஏற்பட்டால் திருத்துபவர் யார்?

கற்பித்தலுக்கு மட்டும் வாங்கும் துறைக்கு 1, 2, 5 ஆகியன முக்கியம். ஆய்வுத் துறைக்கு 3, 4 இன்றியமையாதவை. விலை குறைவு என்பதற்காக இவற்றை விட்டுவிட்டால், ஆய்வு முடிந்த பின்னர் அதன் பயனை வெளியிட முடியாத நிலை ஏற்படும்.

இது பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரிய விடயமல்ல. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரல்களையும் பாதுகாக்கின்றது. நண்பரிடம் வாங்கிப் பிரதி செய்யும் மென்பொருளுக்கும் ஓர் அனுமதிப்பத்திரம் உண்டு. பிரதி செய்ய அது அனுமதிக்கிறதா என்பதை முதலில் வாசியுங்கள்.

நினைவிற் கொள்க

• மென்பொருளை வாங்குதல் என்பது அனுமதியை வாங்குதல் ஆகும்.
• திறந்த மூல மென்பொருளின் முக்கிய இயல்பு, மூலக் குறிமுறையைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உள்ள உரிமையாகும்.
• இலவசமாகக் கிடைக்கும் எல்லா மென்பொருளும் திறந்த மூலமல்ல.

மாதிரி வினா

ஒரு பாடசாலைக் கணினி ஆய்வுகூடத்துக்கும் ஒரு பல்கலைக்கழக ஆய்வுத் துறைக்கும் மென்பொருள் தெரிவுசெய்யும்போது கருத வேண்டிய காரணிகள் இரண்டு வீதம் தந்து, அவை வேறுபடுவதற்கான காரணத்தை விளக்குக.

விடைக் குறிப்பு: பாடசாலைக்குக் கணினிகளின் எண்ணிக்கை, பராமரிப்புச் சேவை; ஆய்வுத் துறைக்கு மூலக் குறிமுறை, மாற்றி வழங்கும் உரிமை. முன்னையது மென்பொருளைக் கருவியாகப் பயன்படுத்துகிறது. பின்னையதற்கு மென்பொருளே ஆய்வுப் பொருள். இக்காரணத்தை எழுதாமல் காரணிகளை மட்டும் பட்டியலிட்டால் விடை முழுமையடையாது.