குதிரைக்கு வியர்க்கிறதா, பாருங்கள்!

செமிலிங்கில் மதியம் பள்ளி முடிந்து வரும்போது உங்கள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறதா? வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். நம் காற்றில் ஈரப்பதம் மிகுதி; அதனால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை.

பினாங்கு பத்து பெரிங்கி கடற்கரையில் சவாரிக் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கும் இதே சிக்கல்தான். நம்மைப் போலவே குதிரையும் உடல் முழுவதும் வியர்த்தே சூட்டைத் தணிக்கிறது. அதன் வியர்வையிலுள்ள லாத்தரின் என்ற புரதம், வியர்வையை உரோமம் முழுவதும் பரப்புகிறது. சேணத்தின் ஓரத்தில் வெண்ணுரை தெரிவது இதனால்தான்.

சில குதிரைகளுக்கு, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், வியர்ப்பதே குறைந்துவிடும், சிலவற்றுக்கு நின்றேவிடும். பிரிட்டனிலிருந்து வெப்பமண்டல நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்ட பந்தயக் குதிரைகளிடம் 1920களிலேயே இது கவனிக்கப்பட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஓய்வாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். உடல் வெப்பம் சுமார் 38 பாகை செல்சியஸ். ஓடி முடித்த பிறகும் தோல் உலர்ந்திருந்து, மூச்சு மட்டும் வேகமாக வாங்கினால் உயிருக்கே ஆபத்து. உடனே நிழலில் நிறுத்தி, உடல் முழுவதும் தொடர்ந்து தண்ணீர் ஊற்றுங்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

தன்னால் முடியவில்லை என்று குதிரை வாய்விட்டுச் சொல்லாது. சவாரி செய்பவர்தான் அதன் தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.