‘எம்சிபி ட்ரிப் ஆகலையே’ என்று நிம்மதியாக இருக்கலாமா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாவதன் பின்னால் உள்ள கணக்கு

திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து சாலை பஜார் பக்கமாக நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது ஆரியசாலை. மலையாளத்துக்கு இணையாகத் தமிழும் காதில் விழும் பகுதி.

அங்கே ஒரு கடைக்கு மேலே வாடகை அறை எடுத்து, கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகும் இரண்டு நண்பர்கள் என்று வைத்துக்கொள்வோம். அறையில் ஒரே ஒரு பவர் சாக்கெட். அதில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அந்த பாக்ஸில் 1,500 வாட் கெட்டிலும் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும். காலை அவசரத்தில் இரண்டும் ஒன்றாக ஓடுகின்றன. எம்சிபி ட்ரிப் ஆகவில்லை. அப்போ பிரச்னை இல்லைதானே?

இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டே இரண்டு கணக்குகளை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்த இரண்டு கணக்குகள் என்ன?

மின்சாரத்தைத் தள்ளும் விசையை வோல்ட்டிலும், ஓடும் கரண்டின் அளவை ஆம்பியரிலும், அந்த ஓட்டத்துக்கு வரும் தடையை ஓமிலும் அளக்கிறோம். ஒரு கருவி எவ்வளவு வேகமாக ஆற்றலைச் செலவழிக்கிறது என்பதுதான் வாட்.

● மின்தடை = வோல்ட் ÷ ஆம்பியர். 1827இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி இது.
● திறன் = வோல்ட் × ஆம்பியர்.

நான்கில் ஏதாவது இரண்டு தெரிந்தால் மற்ற இரண்டும் கிடைத்துவிடும்.

கெட்டிலில் போட்டுப் பார்ப்போம்

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கெட்டிலின் அடியில் 1,500 வாட் என்று இருக்கிறது.

● கரண்ட்: 1,500 ÷ 230 = சுமார் 6.5 ஆம்பியர்
● மின்தடை: 230 ÷ 6.5 = சுமார் 35 ஓம்

கெட்டிலுக்குள் இருக்கும் சுருளின் மின்தடை பெரிதாக மாறாது. அதனால் வோல்டேஜ் 200க்கு இறங்கினால் கரண்டும் 5.7 ஆம்பியராகக் குறையும். திறன் 200 × 5.7, அதாவது சுமார் 1,140 வாட். வோல்டேஜ் குறைந்தது 13 சதவீதம். திறன் குறைந்தது 24 சதவீதம். லோ வோல்டேஜ் நாளில் டீ போட நேரமாவது இதனால்தான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எவ்வளவு தாங்கும்?

நம் வீட்டு சாக்கெட்டுகள் ஐ.எஸ். 1293 தரப்படி 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என இரண்டு வகை. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பெரும்பாலும் 6 ஆம்பியர் என்றுதான் போட்டிருக்கும். 6 × 230 = 1,380 வாட். ஆக, கெட்டில் ஒன்றே எல்லையைத் தாண்டிவிட்டது!

இண்டக்‌ஷனுக்கு 8.7 ஆம்பியர் தேவை. இரண்டும் சேர்ந்தால் 15.2 ஆம்பியர். பெரிய முள் பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் சொருக ஒரு கன்வர்ட்டர் பிளக் கடையில் கிடைக்கும். அது பிளக்கை உள்ளே நுழைய வைக்கும், அவ்வளவுதான். வயரின் தாங்குதிறனைக் கூட்டாது.

பிறகு ஏன் எம்சிபி விழவில்லை?

பவர் சாக்கெட்டுக்கு வழக்கமாக 16 ஆம்பியர் எம்சிபி இருக்கும். நம் 15.2 அதற்குள் அடங்கிவிடுகிறது. வீட்டு எம்சிபிகளுக்கான தரப்படி, குறித்த அளவைப்போல் 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழக் கூடாது. 1.45 மடங்கு, அதாவது சுமார் 23 ஆம்பியர் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும்.

எம்சிபி காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் தடிமனான வயரை. வெளியே நீங்கள் சொருகிய மெல்லிய வயர் எவ்வளவு தாங்கும் என்பது அதற்குத் தெரியாது.

வயரில் என்ன நடக்கிறது?

வயருக்கும் மின்தடை உண்டு. அதில் உருவாகும் சூட்டைக் கணக்கிட, மேலே உள்ள இரண்டு கணக்குகளையும் சேர்த்தால் போதும்: ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்.

0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், மீட்டருக்கு சுமார் 0.026 ஓம். 5 மீட்டர் எக்ஸ்டென்ஷனில் கரண்ட் போகவும் வரவும் 10 மீட்டர். ஆக 0.26 ஓம்.

● 5 ஆம்பியர் ஓடினால்: 5 × 5 × 0.26 = 6.5 வாட்
● 15 ஆம்பியர் ஓடினால்: 15 × 15 × 0.26 = 58.5 வாட்

கரண்ட் மூன்று மடங்கு, சூடு ஒன்பது மடங்கு. பழைய 60 வாட் குண்டு பல்பின் சூடு கிட்டத்தட்ட முழுவதும் வயருக்குள். வயரைச் சுருட்டி மெத்தைக்கு அடியில் தள்ளியிருந்தால் அது வெளியேறவும் வழியில்லை.

இதைவிட மோசம், லூஸ் கனெக்‌ஷன். தேய்ந்துபோன ஒரு சாக்கெட்டில் பிடிமானம் தளர்ந்து வெறும் அரை ஓம் தடை உருவானால், 15 ஆம்பியரில் அந்த ஒரே புள்ளியில் சுமார் 110 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். பிளக் உருகுவதும் கருகுவதும் இப்படித்தான். இங்கேயும் கரண்ட் கூடவில்லை என்பதால் எம்சிபி விழாது.

அப்போ என்னதான் செய்வது?

● கருவியில் உள்ள வாட்டை 230ஆல் வகுத்து, பாக்ஸில் போட்டிருக்கும் ஆம்பியரோடு ஒப்பிடுங்கள்.
● கெட்டில், இண்டக்‌ஷன், ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போன்ற சூடாக்கும் கருவிகளை நேராகச் சுவர் சாக்கெட்டில், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் போடுங்கள். 1,500 வாட்டுக்கு 16 ஆம்பியர் சாக்கெட்தான் சரி.
● இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால், ஓனரிடம் பேசி லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். பெரிய ஆம்பியர் எம்சிபியாக மாற்றுவது தீர்வல்ல, ஆபத்து.
● ஃபேன், ஃபிரிட்ஜ், ஏசி போன்ற மோட்டார் உள்ள கருவிகளில் கணக்கு கொஞ்சம் மாறும். பவர் ஃபேக்டர் காரணமாக, வாட்டை வகுத்து வரும் விடையைவிட அதிக கரண்ட் இழுக்கலாம்.
● மல்டிமீட்டரில் மின்தடை பார்ப்பதென்றால், பிளக்கைக் கழற்றிய பிறகு மட்டுமே.

நாளைக் காலை டீ போட்டு முடித்ததும், சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு எக்ஸ்டென்ஷன் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கையில் சூடு தெரிந்தால், அந்த பாக்ஸை லேப்டாப்புக்கும் போன் சார்ஜருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கருகிய தடமோ வாடையோ இருந்தால் அதற்குக்கூட வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.