வலையமைப்பு அட்டையும் அழைப்பு மணியும்

கணினியின் வலையமைப்பு அட்டை, வெளியிலிருந்து தரவுப்பொதி வந்தவுடன், "என்னைக் கவனி" என்று மையச் செயற்பாட்டலகுக்கு ஒரு மின்குறி விடுக்கின்றது. அதுவும் செய்த தொழிலை நிறுத்தி அட்டையை நோக்குகின்றது. இதனைக் குறுக்கீடு என்பர். நம் வழக்கில் இஃது ஒரு பழிச்சொல், ஈண்டோ அழைப்பேயாம். அவ்வழைப்பை ஏற்று ஆவன புரியும் மென்பொருள் செலுத்தி எனப்படும்.

குறிகட்டுவான் துறையில் ஆளரவம் குன்றிய வேளையிற் படகோட்டி நிழலில் இருப்பான். பயணி குரல் கொடுத்தால் எழுந்து வருவான். நயினாதீவு அம்மன் மகோற்சவ காலத்தில் ஒவ்வொருவர் குரலுக்கும் அவன் எழுந்துகொண்டிருந்தாற் படகு நகராது. பொதிகள் வெள்ளம்போல் வருங்கால் கணினிக்கும் இக்கதியே. அழைப்புக்கு எழுவதிலேயே காலம் முழுதுங் கழிய, வந்த பொதிகள் உரிய இடஞ் சேராமல் எறியப்படும். ஜெஃப்ரி மோகுல், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் பயின்ற கே. கே. இராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் 1996இல் இதனை ஆராய்ந்து பரிகாரமுங் கூறினர். லினக்ஸ் முறைமைக்குச் சலீம், ஓல்சன், குஸ்நெட்சோவ் என்போர் 2001இல் விளக்கிய முறையும் இவ்வழியதே. முதலழைப்பு வந்ததும் செலுத்தி மணியை அடக்கிவிட்டுத் தானே வரிசையை அள்ளும்; வரிசை ஒழிந்தபின் மணியைத் திறக்கும்.

இத்திறப்பிலேதான் செலுத்தி எழுதுவோர் பலர் வழுக்கி விழுவர். வரிசை வெறிதெனக் கண்ட கணத்துக்கும் மணியைத் திறந்த கணத்துக்கும் இடையே ஒரு பொதி வந்தால், சில அட்டைகளில் அதற்கு மணி ஒலியாது. அடுத்த பொதி வரும்வரை அது கிடக்கும். மறுமுனையிலுள்ளவர் அதற்கு விடை வரட்டுமென்று காத்திருப்பாராயின், அடுத்த பொதியும் வாராது! ஆதலின், திறந்தபின் வரிசையை மீண்டும் ஒருமுறை பார்த்தல் நல்ல செலுத்திக்கு இலக்கணம்.

மறுதலையான பிழையும் உண்டு. பழைய பி.சி.ஐ. அட்டைகள் பல ஒரே மணிக்கம்பியைப் பகிர்ந்துகொள்வன. ஒலித்த மணியை "எனதன்று" என எல்லாச் செலுத்திகளுங் கைவிட்டால் அது ஓயாது ஒலிக்கும். 1,00,000 அழைப்புகளில் 99,900க்கு மேற்பட்டவை உரியவரின்றிப் போனால், லினக்ஸ் அக்கம்பியையே அடைத்துவிடும். கணினி பிழைக்கும், குற்றமற்ற அயலட்டையும் ஊமைபோலாகும். இக்கால அட்டைகள் தனித்தனியே செய்தி விடுப்பதால் இவ்வில்லங்கம் அருகிவிட்டது.

நெடுந்தீவிலே பாடசாலைக் கணினியொன்று வலையிழந்தால், பழுது பார்ப்பவர் குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடல் கடந்து வரவேண்டும். அதற்குமுன் மாணவர் தாமே ஒன்று செய்யலாம். லினக்ஸ் கணினியில் ஒவ்வோர் அட்டையும் எத்தனைமுறை அழைத்தது என்னுங் கணக்கேடு உண்டு. அவ்வெண் ஏறாது நின்றால் மணியைச் சந்தேகிக்க. எண் ஏறியும் பொதி சேராவிடின், பிழையை வேறிடத்தில் தேடுக.