சிகிச்சைக் காலத்தில் கார்: வைத்திருப்பதா, விற்பதா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம், சென்னை கோபாலபுரத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் அங்குச் சிகிச்சைக்குச் செல்லத் தொடங்கும் குடும்பத்தில், இருக்கும் காரை விற்று மருத்துவச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்றோ, இல்லாத காரைக் கடன்பட்டாவது வாங்கிவிடலாமா என்றோ பேச்சு எழுவது இயல்பு.

பேச்சுவழக்கில் ‘கரண்ட் வைப்பது’ எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை, பலருக்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து முதல் ஏழு வாரம் வரை நடைபெறும். கீமோதெரபி, அதாவது பெரும்பாலும் நரம்பு வழியே மருந்து ஏற்றும் சிகிச்சை, இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு முறை அமையும். 30 கதிர்வீச்சு நாள்களும் 6 கீமோ நாள்களும் உள்ள ஒருவருக்குப் போகவர 72 சவாரிகள் ஆகும்; சவாரிக்கு 300 ரூபாய் என்று கொண்டால் 21,600 ரூபாய். மாறாக, 5 லட்சம் ரூபாய்க் கார் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைப்பதற்கு மாதத் தவணை ஏறத்தாழ 10,400 ரூபாய் ஆவதால், பெட்ரோலும் காப்பீடும் சேராமலே ஆறு மாதத்தில் 62,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

பணத்தைவிடக் கடினமான கேள்வி, காரை ஓட்டப்போவது யார் என்பது. பேக்ளிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் கைகால்களின் நுனி நரம்புகளைப் பாதிப்பதால், பாதம் மரத்துப்போய், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே சரிவரத் தெரியாமல் போகலாம். ஒவ்வாமையைத் தடுக்க முன்கூட்டிப் போடும் ஊசி தூக்கத்தை வரவழைக்கும். ஆகவே நோயாளியே ஓட்டிச் செல்வது என்ற எண்ணத்தைக் கைவிட்டு, வீட்டில் ஓட்டத் தெரிந்தவரையோ ஆக்டிங் டிரைவரையோ நம்பியே கணக்குப் போட வேண்டும். மெட்ரோ பணியால் குறுகிய ராதாகிருஷ்ணன் சாலையிலும், பள்ளி விடும் நேரத்து அவ்வை சண்முகம் சாலையிலும், வயிற்று அறுவை முடிந்தவர் ஆட்டோவில் குலுங்கிச் செல்வதைவிடக் காரில் சாய்ந்து செல்வது உடலுக்கு இதம் என்பதில் ஐயமில்லை. மார்பில் மருந்தேற்றும் போர்ட் பதித்திருந்தால், சீட் பெல்ட் அதை அழுத்தாதவாறு இடையில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த இதத்தைக் கால் டாக்ஸியும் தரும்.

சொந்தக் கார் உண்மையில் பயன்படுவது, நாள் குறிக்காத பயணத்துக்குத்தான். கீமோ முடிந்த ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்திருக்கும். அப்போது உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த நேரத்தில் கையில் சாவியும் ஓட்ட ஆளும் இருப்பது பெரும் நிம்மதி. ஓட்ட ஆளில்லாத வீட்டில் கார் நின்றும் பயனில்லை. 108 ஆம்புலன்ஸை அழைப்பதே வழி.

எனவே, ஓட்ட ஆளிருக்கும் வீட்டில் ஏற்கெனவே உள்ள காரைச் சிகிச்சை முடியும்வரை விற்க வேண்டாம். இல்லாதவர்கள் இதற்கெனக் கடன்பட்டு வாங்கவும் வேண்டாம். எந்த மருந்துக்குப் பின் எத்தனை நாள் வண்டி ஓட்டக்கூடாது, இரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணை அழைப்பது என்ற இரண்டையும் முதல் கீமோவுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.