மலையைக் குடைய வந்தார்கள்; மக்கள் "வேண்டாம்" என்றார்கள்!

தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் பொட்டிப்புரம். ஊருக்கு அருகில் நிற்கிறது அம்பரப்பர் மலை. ஆடு மாடு மேய்ப்பவர்களும் விவசாயிகளும் அறிந்த அந்த மலையின் வழக்கு, டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஏன்?

நியூட்ரினோ என்பது என்ன?

நியூட்ரினோ என்பது மிக மிக நுண்ணிய துகள். சூரியனிலிருந்தும் வான வெளியிலிருந்தும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. நம் உடலையும், மலையையும், பூமியையும் ஊடுருவிச் சென்றுவிடும். அதனால் நமக்கு ஒரு தீங்கும் இல்லை.

அதை ஆராய்வதற்கு மலைக்கு உள்ளே போக வேண்டும். வானத்திலிருந்து வரும் மற்றத் துகள்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும். 1965-ம் ஆண்டிலேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் இந்திய விஞ்ஞானிகள், வெளிநாட்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து இதன் தடத்தைக் கண்டார்கள். அந்தப் பெருமையைத் தொடர, புதிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்க விரும்பினார்கள்.

முதலில் நீலகிரியில் உள்ள சிங்காராவைப் பார்த்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகம் அருகில் இருந்ததால் 2009-ல் அதைக் கைவிட்டார்கள். பிறகு பொட்டிப்புரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மலைக்குள் சுமார் 2 கிலோ மீட்டர் நீளச் சுரங்கப்பாதை. அதன் முடிவில் பெரிய குகை. குகைக்குள் 50 ஆயிரம் டன் இரும்பினால் ஆன கருவி. செலவு சுமார் 1,500 கோடி ரூபாய். 2015 ஜனவரியில் மத்திய சர்க்கார் ஒப்புதல் அளித்தது.

வெடியும் சாதுவா?

மக்கள் கவலைப்பட்டார்கள். "நியூட்ரினோவால் ஆபத்து இல்லை" என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அது உண்மைதான். நியூட்ரினோ சாது. ஆனால் பாறையைப் பிளக்கும் வெடியும் சாதுவா? மேய்ச்சல் நிலம் என்ன ஆகும்? நிலத்தடி நீர் என்ன ஆகும்? இதுதான் மக்களின் கேள்வி.

இந்த மலைகள் கொட்டக்குடி ஆற்றுக்கு நீர் தரும் பகுதி. அந்த ஆறு வைகையில் சேருகிறது. வைகையோ மதுரையைத் தாண்டி ராமநாதபுரம் சீமை வரை போகிறது. பெரியாறு காட்டையும் மதிகெட்டான் சோலையையும் இணைக்கும் புலிகளின் வழித்தடமும் இங்கேதான் இருக்கிறது.

கோர்ட்டில் நடந்தது

வைகோ வழக்குத் தொடர்ந்தார். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கக்கூடாது என்று 2015 மார்ச்சில் மதுரை ஐகோர்ட்டுக் கிளை உத்தரவிட்டது.

'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோ மீட்டருக்குள் இருப்பதை அது சுட்டிக்காட்டியது. 2017 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. 2018-ல் மத்திய சர்க்கார் மறுபடியும் அனுமதி தந்தது. ஆனால், இந்தத் திட்டத்தை இந்த இடத்தில் அனுமதிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் தமிழக சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது.

விஞ்ஞானம் நாட்டுக்கு வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆய்வுக்கூடத்துக்கு வேறு இடம் தேடலாம். ஆற்றுக்கு வேறு தாய்மடி தேட முடியுமா? ஒரு முறை குடைந்த மலையை மறுபடியும் மலையாக்க எந்த விஞ்ஞானத்தாலும் ஆகாது. பொட்டிப்புரத்து மக்கள் சொன்னதும் இதைத்தான்!