ஆயிரத்தில் ஒன்று

கடலில் இறங்கும் ஆயிரம் ஆமைக் குஞ்சுகளில், வளர்ந்து பெரிதாகும் வரை பிழைத்திருப்பது ஏறக்குறைய ஒன்றே ஒன்று என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். அப்படியானால், அந்தக் குஞ்சுகளைக் காப்பாற்ற மாணவர்கள் தூக்கத்தை விட்டு இரவெல்லாம் மணலில் நடப்பது வீண்வேலை அல்லவா? சென்னைக் கடற்கரையில் இந்த வேலை 1988 முதல் நடந்து வருகிறது. மாணவ நண்பர்களே, அதன் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போமா?

மணலே அடைகாக்கிறது

நமது கிழக்குக் கரைக்கு முட்டையிட வருவது பங்குனி ஆமை. சனவரி முதல் மார்ச் வரை, பெண் ஆமை இரவில் கரையேறும். பின் துடுப்புகளால் சுமார் ஒன்றரை அடி ஆழத்திற்குக் குடம் போன்ற குழி தோண்டும். ஏறத்தாழ 100 முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும்.

அடைகாப்பது தாய் அல்ல, மணலின் வெப்பம்தான். 45 முதல் 55 நாட்களில் குஞ்சுகள் பொரிக்கும். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் அந்த வெப்பமே. மணல் 30 பாகை செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகும். குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகும்.

குஞ்சுகள் இரவில் வெளிவந்து, வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். இருண்ட நிலத்தைவிட, விண்மீன் ஒளியையும் நிலவொளியையும் பிரதிபலிக்கும் கடல்தான் இயற்கையில் வெளிச்சமாகத் தெரியும். தெருவிளக்குகள் வந்தபின் இது தலைகீழாயிற்று. குஞ்சுகள் சாலையை நோக்கி ஓடி, வண்டிச் சக்கரங்களுக்கும் நாய்களுக்கும் இரையாகின்றன.

இரவு நடை

1970-களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் முதலியோர் இக்கரையில் நடந்து ஆமைகளை ஆராய்ந்தனர். 1988-ல் மாணவர்கள் சிலர் கூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினர். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே சுமார் 7 கிலோமீட்டர் நடப்பார்கள். ஆமை ஏறி இறங்கிய தடம், டிராக்டர் சக்கரத் தடம் போல மணலில் தெரியும். அதை வைத்துக் குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்திற்குக் கொண்டு சென்று, அதே ஆழத்தில் புதைப்பார்கள். பொரித்த குஞ்சுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு கடலில் விடுவார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் இனம் கூடாமலும் குறையாமலும் இருக்க, ஒரு பெண் ஆமைக்குப் பிறந்தவற்றில் இரண்டு வளர்ந்தால் போதும்: தனக்கு ஒன்று, இணைக்கு ஒன்று. அந்த ஆமை வாழ்நாளில் இரண்டாயிரம் முட்டைகள் இடுவதாகக் கொள்வோம். இரண்டாயிரத்தில் இரண்டு என்றால், ஆயிரத்தில் ஒன்று! ஆகவே இந்த விகிதத்தைக் கண்டு நாம் சோர வேண்டியதில்லை. ஆமை இனம் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக இப்படித்தான் வாழ்ந்து வருகிறது. நாய் தோண்டிய குழியிலிருந்து கிடைப்பதோ சுழி. அதைக் காப்பாற்றினால், இயற்கையின் கணக்கு மீண்டும் நடைபெறும். பத்துக் குழிகளைக் காத்தால் ஏறக்குறைய ஓர் ஆமை மிஞ்சும்.

இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். வளர்ந்த ஓர் ஆமை செத்தால், பத்துக் குழிகளைக் காத்த பலன் போயிற்று. 2025 சனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு. இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் அது மூச்சுத் திணறி இறந்துவிடும். கரையோரம் இழுவலைப் படகுகளுக்குத் தடை இருக்கிறது. ஆமை தப்பிச் செல்லும் வாசல் வைத்த வலையும் இருக்கிறது. இவை நடைமுறைக்கு வராமல் பொரிப்பகம் மட்டும் போதாது.

ஆனால் இரவில் நடப்பவர்கள் இறந்த ஆமைகளையும் எண்ணுகிறார்கள். நாள், இடம் எல்லாம் குறிக்கிறார்கள். முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கை கையில் இருந்தால்தான் இந்த ஆண்டு நிலைமை மோசம் என்று எவரிடமும் சொல்ல முடியும். எண் இல்லாத துயரத்தை அதிகாரிகளிடம் காட்டி என்ன கேட்பது?

"உலகமே சூடாகிறது, நான் ஒருவன் என்ன செய்ய?" என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. ஏதேனும் ஒரு வேலையில் இறங்கியவர்கள் இதைக் கேட்பது குறைவு என்பது என் அனுபவம். அவர்கள் அடுத்த வாரம் செய்ய வேண்டியதைப் பற்றிப் பேசுகிறார்கள். 1988-ல் மாணவராகக் கடற்கரையில் நடக்கத் தொடங்கிய கார்த்திக் ஷங்கர், பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சூழலியல் பேராசிரியரானார்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பங்குனி ஆமை பருவமடைய ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். முதல் குழுவினர் விட்ட குஞ்சுகளில் பிழைத்தவை தாயாகிக் கரையேறியபோது, அவர்கள் படிப்பை முடித்து வெகுநாள் ஆகியிருக்கும். அன்று இருட்டில் நடந்தவர்கள் வேறு மாணவர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஆமை முட்டைகளைத் தனியே எடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அனுமதி பெற்ற குழுவினருடன், பெற்றோர் சம்மதத்துடன் மட்டுமே செல்லுங்கள். உங்கள் ஊரில் கடல் இல்லையா? ஏரி அல்லது கண்மாய் இருக்கும். நான்கு பேர் சேர்ந்து வாரம் ஒரு நாள் அங்கு வரும் பறவைகளை எண்ணுங்கள். நீரின் வெப்பநிலையை அளந்து, கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடை போடுங்கள். எல்லாவற்றையும் தேதியிட்டு ஒரே நோட்டில் எழுதுங்கள். பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் அந்த நோட்டை ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள்.